"அவர் சுபாவமே அப்படி": ஆளுமை பற்றி ஓர் எளிய அறிமுகம்

வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ்களில் மேனேஜராக இருப்பவர்களுக்கு ஆட்களை எடைபோடுவது தினசரி வேலை. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வருகிற குடும்பங்கள் அந்தப் பக்கத்தில்தான் தங்குகின்றன. அப்படி வந்தவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் கவுன்டருக்கு இறங்கி வந்து வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போடுகிறார். மத்தியானம் இருபது ரூபாய்க்காக ஆட்டோக்காரரிடம் சண்டை. சாயங்காலம் ஸ்கேன் கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் மாடி ஏறிப் போகிறார். "இன்னா மனுசன்பா இவரு, சரியான சிடுமூஞ்சி" என்கிறார் மேனேஜர், பக்கத்து மருந்துக் கடைக்காரரிடம்.

மேனேஜர் இங்கே கண்ணால் பார்த்தது ஒன்று, சொன்னது வேறொன்று. பார்த்தது, இன்றைக்கு அந்த மனிதர் என்ன செய்தார் என்பதை. சொன்னதோ, அவர் எப்படிப்பட்டவர் என்பதை. நாளைக்கும், அடுத்த வருஷமும், தன் ஊரில் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் இப்படித்தான் இருப்பார் என்று அந்த வார்த்தை முடிவு கட்டிவிடுகிறது. ஒருவரின் நடத்தையில் எவ்வளவு அவருடைய குணம், எவ்வளவு அந்த நேரத்து நெருக்கடி என்பதுதான் ஆளுமை பற்றிப் படிக்கிறவர்கள் நூறு வருஷமாகப் போராடிவரும் கேள்வி.

ஆளுமை என்று உளவியலில் சொல்வது மிடுக்கையோ மேடையில் தயங்காமல் பேசும் திறமையையோ அல்ல. ஒருவர் நினைக்கும் விதம், உணரும் விதம், நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றில் நாள்பட நிலைத்து நிற்கிற, அவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுகிற போக்குகளின் தொகுப்பே ஆளுமை. அந்தப் போக்கு ஒவ்வொன்றையும் பண்புக்கூறு என்று பாடப்புத்தகம் சொல்லும். குணம் என்றே நாம் சொல்லலாம்.

இதில் முதலில் மனதில் பதியவேண்டியது ஒன்று உண்டு. வேலூர் என்றால் வெயில். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டினால் இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆனால் மார்கழி விடியலில் காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறவர்கள் ஸ்வெட்டரும் குல்லாவுமாகத்தான் நிற்கிறார்கள். அந்த ஒரு காலையை வைத்து வேலூரைக் குளிர்ப் பிரதேசம் என்று சொல்ல முடியாது. அதற்காக அன்றைய குளிர் பொய் என்றும் சொல்ல முடியாது. குணமும் இப்படித்தான், பல நாள் நடத்தையின் சராசரி. அமைதியானவர் என்று பெயரெடுத்தவர் ஒருநாள் கத்துவார். கலகலப்பானவர் ஒருநாள் வாயே திறக்கமாட்டார். 2001-ல் வில்லியம் ஃப்ளீசன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆட்களிடம் ஒரு நாளில் பலமுறை, பல நாட்களுக்கு, "இப்போது எப்படி நடந்துகொண்டீர்கள்?" என்று பதிவுசெய்யச் சொன்னார். ஒரே ஆளின் நடத்தை நேரத்துக்கு நேரம் வெகுவாக மாறியது. கூச்சக்காரர்கூடச் சில மணி நேரம் வெகு கலகலப்பாக இருந்தார். ஆனால் ஒரு வாரத்துச் சராசரியையும் அடுத்த வாரத்துச் சராசரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவை அநேகமாக மாறவே இல்லை. ஒரே மனிதருக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன. ஆளுமை பற்றிய பல சண்டைகள், இதில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை மறந்ததால் வந்தவை.

குணங்களை வகைபிரிக்கும் ஆசை மிகப் பழையது. பண்டைய கிரேக்க மருத்துவம் ரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கருப்புப் பித்தம் என்று நான்கு திரவங்களைச் சொன்னது. எது மிகுதியோ அதற்கேற்ற மனநிலை என்று கேலன் என்ற பழங்கால மருத்துவரின் வழிவந்தவர்கள் நம்பினார்கள். நம் சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றும் உடல்வாகோடு சுபாவத்தையும் சேர்த்தே பேசுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிக்மண்ட் ஃப்ராய்ட், மனதுக்குள் மூன்று தரப்புகள் மோதிக்கொள்கின்றன என்றார்: உடனே வேண்டும் என்கிற இச்சை, கூடாது என்கிற மனச்சாட்சி, இரண்டுக்கும் நடுவில் உலகத்தோடு ஒத்துப்போகப் பார்க்கும் 'தான்' என்கிற தரப்பு. கார்ல் யுங் 1921-ல் அகமுகம், புறமுகம் என்ற பிரிவைப் பிரபலமாக்கினார். இன்று கல்லூரிப் பிள்ளைகள் "நான் இன்ட்ரோவர்ட்" என்று சொல்லிக்கொள்வது அவர் வழியாக வந்ததுதான். இவர்கள் எல்லோரும் கூர்ந்து கவனித்தவர்கள். ஆனால் அளந்து பார்த்தவர்கள் இல்லை.

அளக்கும் வேலை தொடங்கியது அகராதியிலிருந்து. மனிதர்களுக்கு முக்கியமான குண வேறுபாடு எதுவாக இருந்தாலும், பேசுகிற மக்கள் அதற்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள் என்பது அடிப்படை எண்ணம். 1936-ல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் ஒரு பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டி, ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக்காட்டப் பயன்படும் 17,953 சொற்களைத் திரட்டினார்கள். அதில் நிலையான குணத்தைக் குறிப்பவை மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். ரேமண்ட் கேட்டல் அந்தப் பட்டியலைச் சுருக்கி, எந்தச் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே வருகின்றன என்று கணக்குப் போட்டு 16 காரணிகளுக்குக் கொண்டுவந்தார். ஹான்ஸ் ஐசென்க் அவ்வளவு வேண்டாம், மூன்று போதும் என்றார். 1961-ல் அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு செய்த டூப்ஸ், கிறிஸ்டல் என்ற இருவருக்குத் திரும்பத் திரும்ப ஐந்து தொகுதிகளே கிடைத்தன. பிறகு வேறு பலருக்கும் அதே ஐந்து கிடைத்தன. 1980-களில் லூயிஸ் கோல்ட்பர்க் அதற்கு 'பிக் ஃபைவ்' என்று பெயர் வைத்தார். இன்று ஆளுமை ஆய்வில் பெரும்பாலும் புழங்குவது இந்தப் பெரிய ஐந்துதான்.

அந்த ஐந்தையும் பார்க்கக் குடியாத்தத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போவோம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள், மண்டபத்தில் கூட்டம்.

பெரியப்பா கையில் ஒரு நோட்டு. எத்தனை தாம்பூலப் பை, சமையல்காரருக்கு முன்பணம் எவ்வளவு, மேளக்காரர் எத்தனை மணிக்கு வருவார், எல்லாம் அதில் இருக்கிறது. முடிந்த வேலையை அடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார். இது பொறுப்புணர்வு. திட்டமிடுவது, சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்வது, உடனடி ஆசையைத் தள்ளிவைப்பது எல்லாம் இதில் அடக்கம். எந்த வேலையாக இருந்தாலும் அதில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்பதை ஓரளவு முன்கூட்டிக் காட்டும் குணம் இதுவே என்று 1991-ல் பேரிக்கும் மவுண்ட்டும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆனால் இதே பெரியப்பா, மேளக்காரர் கால்மணி நேரம் தாமதமாக வந்ததற்காக அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். எந்தக் குணமும் முழு வரமும் இல்லை, முழுச் சாபமும் இல்லை.

சித்தி வாசலில் நிற்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் இருபது பேரின் பெயரும் அதற்குள் அவளுக்குத் தெரியும். கூட்டம் கூடக்கூட அவள் முகம் மலர்கிறது. இது புறமுகம். இதைப் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொள்கிறோம். அதைவிட, ஆட்களிடமிருந்தும் பரபரப்பிலிருந்தும் உற்சாகம் பெறும் அளவு என்று எடுத்துக்கொள்வது சரியாக இருக்கும். மாடி அறையில் தனியாகப் பூக்கட்டிக்கொண்டிருக்கும் அக்காவுக்கு மனிதர்களைப் பிடிக்காமல் இல்லை. அவளுக்கு இவ்வளவு சத்தம் சீக்கிரம் போதும் என்றாகிவிடுகிறது. அவளைக் "கூச்சப்படாதே, கீழே வா" என்று இழுப்பது தேவையில்லாத வேலை. கூச்சம் என்பது பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அகமுகம் அது அல்ல.

தாய்மாமாவுக்கு முதல் வரிசை நாற்காலி கிடைக்கவில்லை. "பரவால்ல விடுப்பா, அவங்க உக்காரட்டும்" என்கிறார். இது இணக்கம். விட்டுக்கொடுப்பது, பிறர் வருத்தத்தைக் கவனிப்பது, நம்புவது. இவரைப் போன்றவர்கள் இல்லாமல் கூட்டுக் குடும்பம் நிற்காது. சொத்துப் பாகப்பிரிவினையில் முதலில் ஏமாறுகிறவரும் அநேகமாக இவரே.

கல்யாணப் பெண்ணின் அண்ணன் ஆறடி ஆள், உடற்பயிற்சி செய்து முறுக்கேறிய தோள். ஆனால் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மழை வந்தால்? ஜெனரேட்டர் நின்றுபோனால்? சாப்பாடு பற்றாமல் போனால்? சின்ன விஷயமும் இவருக்கு உள்ளே பெரிதாக ஒலிக்கிறது. கவலை, எரிச்சல், துயரம் ஆகியவை சட்டென்று எழுந்து மெதுவாக அடங்கும் இந்தத் தன்மையை உணர்ச்சித் தளம்பல் எனலாம். தெம்பான உடம்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இது வியாதியும் அல்ல, ஆனால் இது அதிகம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்ற நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

ஐந்தாவது, பெண்ணின் தங்கை. வழக்கமான கோலத்துக்குப் பதிலாக வேறு ஏதோ வரைந்துகொண்டிருக்கிறாள். ஐயர் சொல்லும் மந்திரத்துக்கு அர்த்தம் கேட்கிறாள். புதிய அனுபவம், கற்பனை, கலை, கேள்வி கேட்கும் ஆசை எல்லாம் சேர்ந்த இதைப் புதுமை நாட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த ஐந்தும் ஐந்து வகை மனிதர்கள் அல்ல, எல்லோருக்கும் உள்ள ஐந்து அளவுகோல்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். பெரியப்பாவுக்கும் புதுமை நாட்டம் இருக்கிறது, தங்கைக்கும் பொறுப்புணர்வு இருக்கிறது. ஆளுக்கு ஆள் அளவுதான் வேறு. ஆயிரம் பேரை அளந்தால் பெரும்பாலானவர்கள் நடுவில்தான் வருவார்கள். இரண்டு ஓரத்திலும் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். அதனால்தான் மனிதர்களை 16 பெட்டிகளில் போட்டு நாலு எழுத்து ஒட்டித் தரும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை ஆளுமை ஆய்வாளர்கள் அதிகம் ஏற்பதில்லை. யுங்கின் கருத்துகளை வைத்து கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கியது அது. நடுவில் இருப்பவரை ஏதோ ஒரு பக்கம் தள்ளியே ஆகவேண்டும் என்பதால், சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு எழுத்து வருகிறது. கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகள் அந்த நாலு எழுத்தைத் தலையெழுத்துபோல நெற்றியில் ஒட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பத்தொன்பது வயதில் "எனக்கு இது ஒத்துவராது" என்று ஒரு கதவை மூடிக்கொள்ள அது போதுமான காரணம் இல்லை. இலவசமாக எழுதிப் பார்க்கவேண்டுமென்றால் கோல்ட்பர்க் பொதுப் பயன்பாட்டுக்காகத் திறந்துவிட்ட ஐ.பி.ஐ.பி. (International Personality Item Pool) வினாக்கள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் எழுதுவதோடு, உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரையும் உங்களைப் பற்றி எழுதச் சொல்லிப் பாருங்கள்.

சோதனை முடிவைப் படித்ததும் "அட, அப்படியே நான்தான்!" என்று தோன்றுவதையும் உடனே நம்பிவிடக் கூடாது. 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற ஆசிரியர் தன் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, பிறகு ஆளுக்கொரு தாளில் முடிவைக் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்கள் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. "வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே சில சமயம் தயக்கம் உண்டு" என்ற மாதிரி வரி யாருக்குத்தான் பொருந்தாது?

சரி, குணம் என்று ஒன்று இருக்கிறது, அளக்கவும் முடிகிறது. அப்படியானால் ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று சொல்லிவிட முடியுமா? 1968-ல் வால்டர் மிஷெல் இந்த நம்பிக்கையில் பெரிய ஓட்டை போட்டார். சோதனையில் கிடைத்த குண மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் அந்த ஆள் செய்ததற்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் 0.3-ஐத் தாண்டவில்லை என்று காட்டினார். முழுப் பொருத்தம் என்றால் அது 1 ஆக இருக்கவேண்டும். ஐந்து வருஷம் கழித்து ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை ஒவ்வொருவராகப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஒரு சிற்றுரை ஆற்ற அனுப்பினார்கள். வழியில் ஒரு மனிதர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். அவரை அங்கே உட்கார வைத்ததும் ஆய்வாளர்கள்தான். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டியவர்களில் 10 சதவீதம் பேர்தான். பாதிப் பேர் பேசப்போன தலைப்பு, வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. அதுவும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. சில நிமிட அவசரம் அவ்வளவு வேலை பார்த்தது.

இப்போது அந்த லாட்ஜ்காரரின் தீர்ப்பை நினைத்துப் பாருங்கள். மொழி தெரியாத ஊர். மகளுக்கு என்ன என்று இன்னும் டாக்டர் சொல்லவில்லை. கையிருப்பு கரைகிறது. அதிகாலையில் ஓ.பி. டோக்கனுக்குப் போயாகவேண்டும், வெந்நீர் இல்லை. அந்த இடத்தில் தாய்மாமா மாதிரி விட்டுக்கொடுக்கிற ஆளே இருந்தாலும் குரல் உயரும். பிறர் செய்கைக்குச் சூழலைக் கணக்கில் எடுக்காமல் குணத்தையே காரணமாகச் சொல்லும் இந்தப் பழக்கத்தை 1977-ல் லீ ராஸ், காரணம் கற்பிப்பதில் உள்ள அடிப்படைப் பிழை என்று குறிப்பிட்டார். நாமே கத்தினால் "தூங்கி ரெண்டு நாளாச்சு" என்போம். அடுத்தவர் கத்தினால் "சிடுமூஞ்சி" என்போம். வேலூர் இந்த விஷயத்தில் அதிகம் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய ஊர். வெளியூர்க்காரர்களை அவர்களுடைய வாழ்க்கையின் மோசமான வாரத்தில் பார்க்கிற ஊர் இது.

மிஷெல் சொன்னதைக் கேட்டுச் சிலர் குணம் என்பதே கற்பனை என்று கிளம்பினார்கள். அதுவும் சரியில்லை. ஒரே ஒரு சம்பவத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டாலும், பல சம்பவங்களின் சராசரியைக் குணம் நன்றாகவே சொல்லிவிடுகிறது என்று சீமோர் எப்ஸ்டீன் 1979-ல் காட்டினார். மிஷெலும் பின்னாளில் யூயிச்சி ஷோடாவோடு சேர்ந்து ஒரு நல்ல வழி சொன்னார்: 'இப்படி நடந்தால் அப்படிச் செய்வார்' என்ற கோர்வைதான் ஒருவருடைய தனி அடையாளம். கடையில் வாடிக்கையாளர் எவ்வளவு சீண்டினாலும் சிரிக்கிற ஒருவர், தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் வெடிக்கிறார். அவர் கோபக்காரரா, சாந்தமானவரா என்று கேட்டால் பதில் கிடைக்காது. யாரிடம், எப்போது என்று சேர்த்துக் கேட்டால்தான் ஆள் பிடிபடுவார்.

இந்தக் குணங்கள் எங்கிருந்து வருகின்றன? "அப்பனைப் போலவே" என்று நாம் சொல்வதில் உண்மை உண்டு. ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரையும் மற்ற இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகள், ஆட்களுக்கிடையே உள்ள ஆளுமை வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் மரபணுவால் வருவதாகச் சொல்கின்றன. ஒரு தனி மனிதரின் கோபத்தில் பாதி அப்பாவிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. கூட்டத்தில் காணும் வித்தியாசங்களைப் பற்றிய கணக்கு இது. 1979-ல் தாமஸ் பூஷார்ட் மின்னசோட்டாவில் தொடங்கிய ஆய்வில், குழந்தையிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒத்த இரட்டையர்கள், ஒரே வீட்டில் வளர்ந்த ஒத்த இரட்டையர்கள் அளவுக்கே ஆளுமையில் ஒத்திருந்தார்கள். மீதிப் பங்கில் பெரும்பகுதியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நேரும் அனுபவங்கள் எடுத்துக்கொள்கின்றன.

பிறவிக் குணம் மாறாது என்பதும் முழு உண்மை அல்ல. பிரென்ட் ராபர்ட்ஸும் சகாக்களும் 2006-ல் பல்லாண்டுத் தொடர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் பெரும்பாலோருக்குப் பொறுப்புணர்வு கூடுகிறது, உணர்ச்சித் தளம்பல் குறைகிறது. வேலை, குடும்பம் என்று தோளில் ஏறுகிற பாரம் இதற்கு ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம். இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஐந்து என்ற எண்ணிக்கை கல்லில் வெட்டியது அல்ல. நேர்மை-பணிவு என்று ஆறாவதைச் சேர்க்கவேண்டும் என்று ஆஷ்டனும் லீயும் வாதாடுகிறார்கள். பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் 2013-ல் ஆய்ந்தபோது இந்த ஐந்து பிரிவுகள் தெளிவாகக் கிடைக்கவில்லை. கேள்வித்தாள்கள் அதிகம் நிரப்பப்பட்டது நகரத்துப் படித்தவர்களிடம்தான்.

ஐந்து மதிப்பெண்ணையும் தெரிந்துகொண்டால் ஒரு மனிதரைத் தெரிந்துகொண்டதாகுமா? டேன் மெக்ஆடம்ஸ் இல்லை என்கிறார். குணம் மேல் அடுக்கு. அதற்குக் கீழே அந்த ஆள் எதை விரும்புகிறார், எதற்காகப் பாடுபடுகிறார் என்ற அடுக்கு. அதற்கும் கீழே, தன் வாழ்க்கையைத் தனக்குத்தானே எப்படிக் கதையாகச் சொல்லிக்கொள்கிறார் என்பது. இதற்கு நம் வேலூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மிஷனரி வீட்டுப் பெண். வளர்ந்தபின் இந்தியாவில் வேலை செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. 1890-ல் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். ஓர் இரவு மூன்று ஆண்கள் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவச் சிக்கல். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் பார்ப்பதை அவர்கள் வழக்கம் அனுமதிக்கவில்லை. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அவர் அமெரிக்கா போய்ப் படித்து 1899-ல் டாக்டரானார், இன்றைய சி.எம்.சி.யை 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அந்த ஒரே இரவில் அவருடைய புறமுகமோ பொறுப்புணர்வோ மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குணங்கள் எதற்காக உழைக்கவேண்டும் என்பது மாறியது. அந்த இரவையே தன் கதையின் தொடக்கமாக அவர் பிற்பாடு சொல்லிவந்தார். எந்தக் கேள்வித்தாளும் அதை அளக்காது.

கடைசியாக, வீடுகளில் நடக்கும் ஒரு குழப்பத்தையும் சொல்லவேண்டும். நோயைக் குணம் என்று நினைத்து விட்டுவிடுவது. நாலு பேரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர் இரண்டு மாதமாக அறையை விட்டு வருவதில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. வீட்டில் "சோம்பேறி ஆயிட்டான்", "திமிரு ஏறிப்போச்சு" என்பார்கள். குணம் மெதுவாகத்தான் நகரும். சில வாரங்களில் ஆளே மாறிப்போனால் அது அநேகமாகக் குணம் இல்லை, டாக்டர் பார்க்கவேண்டிய விஷயம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டாரும் கூடவே தங்குவது பல பத்தாண்டுகளாக இருக்கும் வழக்கம். எந்த மனநல மருத்துவரிடம் போனாலும் வீட்டாரிடம் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இதுக்கு முன்னாடி இவர் எப்படி இருப்பார்?" போகும்போது அதற்குப் பதிலை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். 'நல்லவர்', 'அமைதியானவர்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாமல், எத்தனை மணிக்கு எழுவார், யாரோடு பேசுவார், எதற்குக் கோபம் வரும், கவலை வந்தால் என்ன செய்வார் என்று சொன்னால் டாக்டருக்கு அது உதவும்.